தென்றல் உறையும் ஊர்

டேக்காப்போ, நியூசிலாந்து
ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

போன வாரம் போனில், "அங்க நிலா எப்படிடா இருக்கு?" என்று கேட்டீர்கள். நான் சொல்லச் சொல்ல "என்னது, என்னது" என்றீர்கள். காது மிஷினை மறுபடியும் மேசை டிராயரில் போட்டுவிட்டீர்கள் என்று புரிந்துகொண்டேன். கடைசியில் "சரி சரி, நல்லா இருந்தா சரி" என்று வைத்துவிட்டீர்கள். நிலா நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைகீழாக இருக்கிறது. இதைப் போனில் கத்திச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வருவார். அதனால்தான் இந்தக் கடிதம்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. நீங்கள் காட்டுவீர்களே, நிலாவுக்குள் முயல், அது இங்கே காதைக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது. நம் மாடியிலிருந்து பார்த்தால் வளர்பிறை படகு மாதிரி மல்லாந்து கிடக்கும் அல்லவா? இங்கே அது எழுந்து நிற்கிறது, வெளிச்சம் இடப்பக்கம். நிலா அதேதான், பூமி உருண்டையில் நான் நிற்கிற இடம்தான் கீழ்ப்பக்கம். குளோபைச் சுழற்றிச் சுழற்றி நீங்கள் வகுப்பில் சொன்ன பாடம்தான். பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவன்தான் நானும். ஆனாலும் முதல் தடவை பார்த்தபோது வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. ஊரை விட்டு வந்தால் மண் மாறும், மனிதர்கள் மாறுவார்கள், வானமாவது அப்படியே இருக்கும் என்று ஒரு நினைப்பில் வந்திருந்தேன் போல.

அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். வேனின் முன்பக்கத்தில் மல்லாந்து படுத்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டுப் பார்த்தேன். முயல் நேரானது. இரண்டு நிமிடம் நம் வீட்டு நிலாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் எழப் போனபோது தகடெல்லாம் பனி உறைந்து வழுக்கி, கீழே விழுந்து முழங்கையில் நல்ல அடி. உங்கள் மருமகளிடம் படியில் தடுக்கியது என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லாமே திசை மாறித்தான் கிடக்கிறது. வந்த புதிதில் கிறைஸ்ட்சர்ச்சில் வாடகைக்கு அறை பார்த்தபோது, தெற்கு பார்த்த ஜன்னல் என்றதும் சந்தோஷமாக முன்பணம் கொடுத்துவிட்டேன். தெற்கு ஜன்னல் என்றால் தென்றல் வரும் என்று நமக்கு ரத்தத்தில் ஊறிய எண்ணம்தானே. வந்தது. அண்டார்டிகாவிலிருந்து நேராகக் கடல் தாண்டி வந்தது. சதர்லி என்கிறார்கள். அது அடிக்கிற அன்று மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். சூரியன் இந்த நாட்டில் கிழக்கே உதித்து, வடக்கு வழியாகப் போய், மேற்கே விழுகிறது. தெற்கு ஜன்னலுக்குக் குளிர்காலம் முழுக்க ஒரு பொட்டு வெயில் கிடையாது. வடக்கு பார்த்த அறைக்குத்தான் இங்கே மவுசு.

வாடைக்கும் இதே கதிதான். வடமேற்கிலிருந்து வருகிற காற்று, மேற்குக் கரை மலைகளில் மழையையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது அனலாக இறங்குகிறது. ஆக, தென்றல் நடுக்குகிறது, வாடை சுடுகிறது. தமிழ் ஐயா இங்கே வந்தால் பாதிச் செய்யுளுக்கு உரை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

இப்போது என்ன வேலை என்று நீங்கள் சரியாகக் கேட்கவே இல்லை. "டிரைவர்" என்று யாரிடமோ சொல்லியிருக்கிறீர்கள், அது உண்மைதான். ஆனால் எதை ஓட்டுகிறேன் என்று கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். நட்சத்திரம் பார்க்க வருகிறவர்களை ராத்திரியில் வேனில் ஏற்றிக்கொண்டு போகிறேன். உலகத்தில் எங்கெங்கிருந்தோ இதற்கென்றே வருகிறார்கள். இந்த வட்டாரமே 2012-லிருந்து இருட்டுக்கான காப்பகம். 4,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நம் பக்கம் காட்டுக்குக் காப்பகம் வைப்பார்கள், இங்கே இருட்டுக்கு. தெருவிளக்குக்கெல்லாம் மேலே மூடி போட்டு, வெளிச்சம் தரையைத் தவிர வேறெங்கும் போகாமல் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் மவுண்ட் ஜான் என்று ஒரு குன்று, அதன் உச்சியில் 1965-லிருந்து கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் வான் ஆய்வகம். பகலில் கீழே ஏரி பால் கலந்த நீலத்தில் கிடக்கும். பனியாறு பாறையை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலந்துவிடுவதால் அந்த நிறமாம்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு கூத்து. வேனின் முன்கண்ணாடி முழுக்கப் பனி. சுரண்டிச் சுரண்டிக் கை மரத்துப்போனது. உள்ளே போய் ஒரு கெட்டில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினேன். கண்ணாடி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல, நிதானமாக விரிசல் விட்டது. நான் பார்க்கப் பார்க்கவே போனது. முதலாளி திட்டவில்லை. ஒரு தடவை எல்லோரும் செய்வதுதான் என்றார். சம்பளத்தில் பிடித்தாரா என்று கேட்காதீர்கள்.

ராத்திரி அங்கே சிவப்பு டார்ச் மட்டும்தான் அனுமதி. கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும், போனை ஒருவர் திறந்தால் போதும், எல்லோர் கண்ணும் பாழ். ஏறும்போது வேனில் ஒரே சத்தமாக இருக்கும். இறங்கி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கிவிடுவார்கள். எத்தனையோ மொழிக்காரர்களைப் பார்த்துவிட்டேன். முதலில் எல்லோரிடமிருந்தும் வருவது ஒரு மூச்சுதான். வார்த்தை அப்புறம்தான். தொலைநோக்கியில் சனியைப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறீர்களா என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு.

நானும் முதல் நாள் அசடு வழிந்தேன். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது, தெற்கே மட்டும் இரண்டு வெள்ளைத் திட்டுகள். "மேகம் வருகிறது, சீக்கிரம் முடியுங்கள்" என்று கைடிடம் சொன்னேன். அவர் சிரித்தார். மேகம் என்றுதான் அதற்குப் பெயரே, மெகல்லன் மேகங்கள். ஆனால் அவை இரண்டு தனி விண்மீன் திரள்கள், கோடிக் கோடி நட்சத்திரம். பெரியதிலிருந்து வெளிச்சம் இங்கே வந்து சேர ஏறக்குறைய 1,60,000 ஆண்டுகள். அதைத்தான் நான் மழைக்குறி என்று நினைத்தேன்.

அப்பா, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன மாதம் வயதான தம்பதி ஒன்று வந்தது. இருவருக்கும் எண்பதை ஒட்டி இருக்கும். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது, விளிம்பில் மட்டும் கொஞ்சம் தெரியுமாம். அந்த அம்மா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் அவர் தாடையைப் பிடித்து, குழந்தைக்குத் தலை வாருகிற மாதிரி, மெல்லத் திருப்பினார். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். கொஞ்சம் மேலே. அங்கேதான், நில்லுங்கள். அவருடைய கையுறையின் கம்பளி நுனியில் பனித்துகள் ஒட்டி மின்னியது. கிழவர் ரொம்ப நேரம் அசையாமல் நின்றார். அப்புறம், "தெரிகிறது, ரொம்ப அழகு" என்றார். அவர் முகம் இருந்த திசையில் பெரிதாக ஒன்றுமே இல்லை. அந்த அம்மாவுக்கும் அது தெரியும் என்றே நினைக்கிறேன். "நான்தான் சொன்னேனே" என்று மட்டும் சொல்லி அவர் மப்ளரைச் சரிசெய்தார்.

எனக்கு உடனே நம் மாடி ஞாபகம் வந்தது. எனக்கு ஏழோ எட்டோ வயது. வடக்கே சப்தரிஷி மண்டலத்தைக் காட்டி, வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர், அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல் சின்னதாக அருந்ததி என்று சொல்வீர்கள். என் தலையைப் பிடித்து நீங்களும் இப்படித்தான் திருப்புவீர்கள். "தெரியுதா?" "தெரியுதுப்பா." எனக்குத் தெரியவே இல்லை. ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை. எனக்குக் கண்ணாடி தேவை என்று நாலு வருடம் கழித்துத்தானே கண்டுபிடித்தார்கள்? ஆனால் "தெரியுது" என்றதும் உங்கள் முகம் ஆகிற விதத்தைப் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

இதை உங்கள் மருமகளிடம் சொன்னேன். அவள், "கல்யாணத்தன்னைக்குப் பட்டப்பகல்ல அருந்ததி பாருன்னாங்க. நானும் தெரியுதுன்னேன், நீங்களும் தெரியுதுன்னீங்க. பந்தல்ல இருந்த அத்தனை பேரும் மேலே பார்த்துத் தலையாட்டினாங்க" என்று சிரிக்கிறாள். இந்த ஊரில் அருந்ததி அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, துருவ நட்சத்திரமும் கிடையாது என்று விவரம் சொன்னேன். "அதனால என்ன கெட்டுப்போச்சு?" என்றாள். அவளுக்கு இங்கே ஒரு விடுதியில் சலவைப் பிரிவில் வேலை. நான் ராத்திரி இரண்டு மணிக்கு வருவேன், அவள் காலை ஆறு மணிக்குக் கிளம்புவாள். நான்கு மணி நேரம்தான் ஒரே கூரையில் விழித்தும் விழிக்காமலும் இருப்பது. படுக்கையில் அவள் விட்டுப்போகிற சூடு ஆறுவதற்குள் அந்தப் பக்கம் புரண்டு படுத்துக்கொள்வேன். காதல் கீதல் என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இந்த ஊர்க் குளிரில் அந்தச் சூடு என்னவென்று எனக்குத்தான் தெரியும். (இந்த வரியைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டாதீர்கள்.)

வடக்கே இல்லாததற்கெல்லாம் ஈடாகத் தெற்கே திரிசங்கு இருக்கிறார். தென்சிலுவை என்று இவர்கள் சொல்வதைத்தான் நீங்கள் திரிசங்கு என்று காட்டுவீர்கள், வைகாசி வாக்கில், தென்னை மட்டைகளுக்கு நடுவே, அடிவானத்தை ஒட்டி. அங்கேயும் சேராமல் இங்கேயும் சேராமல் தொங்குகிறவர்களைப் பற்றிப் பேசினாலே திரிசங்கு சொர்க்கம் என்பீர்கள். நான் விசா வாங்கிய அன்றைக்கும் சொன்னீர்கள். நான் கோபித்துக்கொண்டேன். இங்கே வந்து பார்த்தால் அவர் மறைவதே கிடையாது. வருடம் முழுக்க, ராத்திரி முழுக்க வானத்தில்தான் இருக்கிறார். இந்தக் குளிர்காலத்தில் சாயங்காலம் உச்சியில் நிமிர்ந்து நிற்பவர், மார்கழி வந்தால் அதே நேரத்துக்குக் கீழே தலைகுப்புறக் கிடப்பார். நெடுக ஒரு சுற்று குட்டிக்கரணம். அந்தச் சிலுவையின் நீளத்தை நாலரை மடங்கு நீட்டினால் தெற்கு எது என்று வழி கிடைத்துவிடும். வேனில் வருகிறவர்களுக்கெல்லாம் கைடு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். தொங்குகிற ஆளை வைத்துத்தான் இங்கே திசையே பார்க்கிறார்கள். இதை உங்களிடம் சொல்லிக் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது.

இனி அம்மா.

போன ஆகஸ்டில் உங்களுக்கு வியாழக்கிழமை இரவு ஏழு நாற்பது. எனக்கு அப்போது வெள்ளிக்கிழமை ஆகி இரண்டு மணி பத்து நிமிடம். கடைசி ஆட்களை இறக்கிவிட்டு வேனைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அம்மா போன நாள் உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்று விமானம் மாறி வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் செருப்புகள்கூடக் குறைந்துவிட்டிருந்தன. அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசவில்லை. நானும் உங்களைக் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. எந்தத் தேதியை நினைத்துக்கொள்வது என்று மட்டும் ஒரு வருடமாக மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அற்ப விஷயம்தான். ஆனால் அரிப்பு அற்பம் பார்ப்பதில்லை.

ஒரு நாள் ஓய்வு நேரத்தில் கைடிடம் சும்மா பேச்சுக்குக் கேட்டபோது தெளிந்தது. திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவில் இருக்கிற கோணம். பன்னிரண்டு பாகைக்கு ஒரு திதி. அதற்குத் தேதிக்கோடு கிடையாது. அந்த நிமிஷம் உங்களுக்கு என்ன திதியோ அதேதான் எனக்கும், நிலா எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும். காலண்டர்தான் நம் இரண்டு பேரையும் பிரித்தது. பஞ்சாங்கத்தை எடுத்துப் போன வாரம் ஏன் உங்களிடம் போனில் படிக்கச் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா? காது கேட்கவில்லை என்றாலும் அதை மட்டும் சரியாகப் படித்தீர்கள்.

இந்த மாதம் இங்கே மாத்தாரிக்கி. மாவோரி மக்களின் புதுவருடம். 2022-லிருந்து அரசு விடுமுறையும்கூட. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் ஒரு மாதம்போலக் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, நடுக்குளிர்காலத்தில் விடியலுக்கு முன் கிழக்கில் மறுபடி தலைகாட்டும். அதுதான் கணக்கு. நாளும் ஒரே தேதியில் வராது, தேய்பிறை அரைநிலாவை ஒட்டி வரும். நமக்கு ஆறு கார்த்திகைப் பெண்கள், இவர்களுக்கு ஒன்பது நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் பெயரும் பொறுப்பும் உண்டு. ஒன்று மழைக்கு, ஒன்று காற்றுக்கு. போஹுத்துக்காவா என்று ஒன்று, அது இறந்தவர்களுக்கு. அந்த வருடத்தில் போனவர்களின் பெயரை, அந்த நட்சத்திரம் எழும் நேரத்தில், வாய்விட்டுச் சொல்லி அழைப்பார்கள்.

எங்களோடு வேலை செய்கிற மாவோரி அம்மா ஒருவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். காலை ஆறு மணி, ஏரிக்கரை. கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உறைந்து, நடந்தால் ஓடு உடைகிற சத்தம். வடகிழக்கே பார்த்தேன். இடமிருந்து வலமாகக் கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை. நீங்கள் ஒப்பிக்கச் சொல்வீர்களே, அதே வரிசையில், கரும்பலகையில் எழுதி வைத்தது மாதிரி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன். ஆறுதான் தெரிந்தது. அங்கிருந்து வெளிச்சம் கிளம்பி ஏறக்குறைய 440 ஆண்டு ஆகிறதாம்.

ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். சிலர் நாலைந்து பெயர். சிலர் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப. என் முறை வந்தபோது தொண்டை அடைத்தது துக்கத்தால் மட்டும் இல்லை அப்பா. யோசித்துப் பாருங்கள், அம்மாவின் பெயரை நான் ஒருநாளும் சத்தமாகச் சொன்னதில்லை. ஃபாரங்களில் எழுதியிருக்கிறேன், கேட்டவர்களுக்கு மெதுவாகச் சொல்லியிருக்கிறேன். கூப்பிட்டதில்லை. நீங்களும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உங்களுக்கு அவர் எப்போதும் "இங்க பாரு", அவருக்கு நீங்கள் "ஏங்க". அந்த வீட்டில் அம்மாவின் பெயர் ரேஷன் கார்டில் மட்டுமே இருந்தது.

கூப்பிட்டேன். முதல் தடவை குரல் எழும்பவில்லை, இரண்டாவது தடவை ஏரி முழுக்கப் போனது. உங்கள் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் சொன்னாள், "அத்தை" என்று சேர்த்து. உச்சரிப்பு வராமல் அந்த மாவோரி அம்மாவும் சொன்னார், கடைசி எழுத்தை நீட்டி. அம்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

சரி, விரல் மரத்துப்போகிறது, முடித்துவிடுகிறேன். ஒரே ஒரு வேலை உங்களுக்கு.

தெற்கே தாழ்வாக ஒற்றையாக ஒன்று ஜொலிக்கும், அகத்தியர் என்பீர்களே, வடக்கு தாழ்ந்தபோது சமன் செய்யத் தெற்கே அனுப்பிவைக்கப்பட்டவர் என்று கதை சொல்லி. கையை நீட்டி முஷ்டியை மடக்கி, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று அளக்கக் கற்றுக்கொடுத்ததும் அவரை வைத்துத்தான். இங்கே அவரும் மறைவதில்லை. கைடும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிப்ரவரி நடுவில் உங்களுக்கு இரவு ஒன்பது மணிக்கு அவர் நேர் தெற்கே, மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நிற்பார். அந்த நேரம் இங்கே விடிகாலை நாலரை. எனக்குத் தென்மேற்கே, மூன்று முஷ்டிக்குச் சற்றுக் கூட. வானத்தில் இவ்வளவு கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நம் இரண்டு பேருக்கும் வேறெதுவும் அமையுமா என்று தெரியவில்லை.

மாடிக்கு வாருங்கள். படியில் கைப்பிடியை விடாதீர்கள், தண்ணீர்த் தொட்டி பக்கம் பாசி இருக்கும், அங்கே போகாதீர்கள். கண்புரை ஆபரேஷனை அதற்குள் முடித்துவிடச் சொல்லி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். முடியாவிட்டாலும் பரவாயில்லை, வந்து நில்லுங்கள். நான் போன் போட்டு "தெரியுதாப்பா?" என்று கேட்பேன். மிஷினைப் போட்டிருக்க மாட்டீர்கள், உங்களுக்குக் கேட்காது. மணி அடித்ததும் எடுத்து, நான் கேட்டதாக வைத்துக்கொண்டு, "தெரியுது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகன்